தொகுதி மடல் (விஸ்கொன்சின் சட்டமன்றம்)

தொகுதி மடல் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதி மக்களுக்கு அவ்வப்போது அனுப்பும் செய்திக் கடிதம் ஆகும். தலைநகரில் நடக்கும் அரசு அலுவல்களும் தொகுதியில் மக்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் ஒரே மடலில் இடம்பெறுவது வழக்கம். முன்பு இது அச்சிடப்பட்டு அஞ்சலில் வந்தது. இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. ஐம்பது மாநிலங்களிலும் இவ்வழக்கம் ஏதோ ஒரு வடிவில் இருந்தாலும் அதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. இக்கட்டுரை விஸ்கொன்சின் மாநிலத்தின் நடைமுறையை முதன்மையாக விளக்குகிறது.

பின்னணி

விஸ்கொன்சின் சட்டமன்றம் ஈரவைகளைக் கொண்டது. பேரவையில் 99 உறுப்பினர்களும் செனட்டில் 33 உறுப்பினர்களும் உள்ளனர். ஒவ்வொரு செனட் தொகுதியும் மூன்று பேரவைத் தொகுதிகளைச் சேர்த்து அமைக்கப்படுகிறது. 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள் தொகை சுமார் 58.9 இலட்சம். ஆகவே ஒரு பேரவை உறுப்பினர் ஏறத்தாழ 59,500 பேருக்கும், ஒரு செனட்டர் ஏறத்தாழ 1,78,600 பேருக்கும் பிரதிநிதி ஆகிறார். இவ்வளவு பேரையும் நேரில் சந்திக்க இயலாது. தலைநகர் மேடிசனிலிருந்து வடக்கு எல்லையில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள ஊர்களுக்குக் காரில் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மடலின் தேவை விளங்கும்.

கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அஞ்சல் தலை ஒட்டாமல் கையொப்பத்தின் பேரில் கடிதம் அனுப்பும் சலுகை உண்டு. அதன் வேர் 1775-ஆம் ஆண்டின் கண்ட மாநாடு வரை செல்கிறது. மாநில உறுப்பினர்களுக்கு அத்தகைய அஞ்சல் சலுகை இல்லை. அவர்களுடைய மடலின் அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் சட்டமன்றம் ஒதுக்கும் அலுவலக நிதியிலிருந்து, அதாவது மாநில வரிப்பணத்திலிருந்து, வருகின்றன. மடல் குறித்த சட்டங்களும் சர்ச்சைகளும் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தாலேயே எழுந்தவை.

இந்தியச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உள்ளதைப் போன்ற தொகுதி மேம்பாட்டு நிதி விஸ்கொன்சின் உறுப்பினர்களுக்குக் கிடையாது. தம் பெயரில் ஒரு நிழற்குடையோ சமுதாயக் கூடமோ கட்டித் தர அவரிடம் பணம் இல்லை. எந்தத் துறையில் என்ன உதவி கிடைக்கிறது, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்ற தகவலைத்தான் அவரால் நேரடியாகக் கொடுக்க முடியும். மடலின் பின்பாதி இதனால்தான் முன்பாதி அளவுக்கே முக்கியமானதாகிறது.

அரசு அலுவல் பகுதி

மடலின் முதற்பகுதியில் சட்ட முன்வரைவுகள், குழு விசாரணைகள், வாக்கெடுப்புகள், வரவு செலவுத் திட்டம் ஆகியவை பற்றிய செய்திகள் வரும். இவற்றைப் படிக்கும்போது ஒரு செய்தி எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்வரைவு தாக்கலானதும், குழுவில் நிறைவேறியதும், ஓர் அவையில் நிறைவேறியதும், ஆளுநர் கையொப்பமிட்டதும் வெவ்வேறு நிகழ்வுகள். மடல்களில் இவை நான்கும் ஏறக்குறைய ஒரே மகிழ்ச்சித் தொனியில் அறிவிக்கப்படுவது உண்டு. தாக்கலாகும் முன்வரைவுகளில் பெரும்பாலானவை சட்டமாவதில்லை.

வரவு செலவுத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விஸ்கொன்சினில் ஈராண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில் இது நிறைவேற்றப்படுகிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநர் ஆண்டின் தொடக்கத்தில் தம் திட்டத்தை முன்வைப்பார். அது கூட்டு நிதிக் குழுவிடம் செல்லும். இக்குழுவில் அவைக்கு எட்டுப் பேராகப் பதினாறு உறுப்பினர்கள் உள்ளனர். குழு மாநிலத்தின் சில ஊர்களுக்குச் சென்று பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். 2025-இல் கவ்கானா, வெஸ்ட் அல்லிஸ், ஹேவர்ட், வாசா ஆகிய ஊர்களில் இக்கூட்டங்கள் நடைபெற்றன. அதன் பின் குழு திட்டத்தைத் துறை துறையாக மாற்றி எழுதும். 2025 மே மாதத்தில், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டோனி எவர்ஸ் முன்வைத்த திட்டத்திலிருந்து 600-க்கும் மேற்பட்ட அம்சங்களைக் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட குழு ஒரே நாளில் நீக்கியது. பிப்ரவரி மடலில் "வரப்போகிறது" என்று படித்த திட்டம் மே மாதத்தில் இல்லாமல் போவது இப்படித்தான். பிப்ரவரி மடல் பொய் சொன்னதாகாது. முன்மொழிவு என்ற சொல்லைப் படிப்பவர் தாண்டிப் போயிருப்பார், அவ்வளவே.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குள் திட்டம் நிறைவேறாவிட்டால் அரசு முடங்கிவிடும் என்று கருதுவோர் உண்டு. கூட்டாட்சி அரசின் முடக்கங்களைப் பார்த்துப் பழகியதால் வரும் எண்ணம் இது. விஸ்கொன்சினில் பழைய ஒதுக்கீடே தொடரும். 2025-இல் ஜூலை 3 அதிகாலையில்தான் ஆளுநர் கையொப்பமிட்டார். இடைப்பட்ட நாட்களில் எந்த அலுவலகமும் மூடப்படவில்லை.

நானூறு ஆண்டு வீட்டோ

ஒரே நிகழ்வை இரு மடல்கள் எவ்வாறு இரு விதமாகச் சொல்ல முடியும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டின் வீட்டோவே தெளிவான சான்று.

விஸ்கொன்சின் ஆளுநருக்கு நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் ஒரு பகுதியை மட்டும் நீக்கும் அதிகாரம் 1930-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் கிடைத்தது. சொற்களிலிருந்து தனி எழுத்துகளை நீக்கிப் புதுச் சொல் உருவாக்குவதை 1990-ஆம் ஆண்டுத் திருத்தமும், பல வாக்கியங்களின் துண்டுகளை இணைத்துப் புது வாக்கியம் உருவாக்குவதை 2008-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்தன. எண்களைப் பற்றி இரண்டும் தனியாக எதுவும் சொல்லவில்லை.

2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய வரவு செலவுச் சட்டம், பள்ளி மாவட்டங்கள் தம் வருவாய் வரம்பை மாணவர் ஒருவருக்கு 325 டாலர் வீதம் 2023-24, 2024-25 ஆகிய இரு கல்வியாண்டுகளில் உயர்த்திக்கொள்ள இசைவளித்தது. ஆளுநர் எவர்ஸ் சில சொற்களையும், "2024-25" என்பதிலிருந்த "20" என்ற எண்களையும் சிறு கோட்டையும் நீக்கினார். எஞ்சியது 2425. ஈராண்டுக்கான இசைவு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரலில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்த வீட்டோ செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

வருவாய் வரம்பு என்பது ஒரு பள்ளி மாவட்டம் மாநில அரசின் பொது உதவித் தொகையும் உள்ளூர்ச் சொத்து வரியும் சேர்த்துப் பெறக்கூடிய உச்சத் தொகை ஆகும். இம்முறை 1993 முதல் நடைமுறையில் உள்ளது. வரம்பு உயரும்போது மாநில உதவியும் உயர்ந்தால் சொத்து வரி அவ்வளவாக உயராது. மாநில உதவி அப்படியே நின்றால் அந்த 325 டாலரின் பெரும்பகுதி வீட்டுக்காரரின் வரிச்சீட்டில் வந்து விழும். 2025-27 வரவு செலவுத் திட்டம் சிறப்புக் கல்விக்கான ஈட்டுத் தொகையை உயர்த்தியது. ஆனால் பொது உதவித் தொகையை உயர்த்தவில்லை.

விஸ்கொன்சினில் சொத்து வரிச்சீட்டு டிசம்பரில் வீட்டுக்கு வரும். அந்த நேரத்தில் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர் தம் மடலில், வரி உயர்வுக்கு ஆளுநரின் நானூறு ஆண்டு வீட்டோவே காரணம் என்று எழுதலாம். பக்கத்துத் தொகுதியின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர், சட்டமன்றம் பொது உதவியை உயர்த்த மறுத்ததே காரணம் என்று எழுதலாம். இரண்டும் பொய்யல்ல. இரண்டும் பாதி. வரம்பை உயர்த்தியது ஒருவர் கை. உதவியை நிறுத்தி வைத்தது மற்றவர் கை. வரிச்சீட்டில் இரண்டின் விளைவும் ஒரே தொகையாக அச்சாகியிருக்கும். தன் தொகுதி உறுப்பினரின் மடலை மட்டும் படிப்பவருக்கு மற்றப் பாதி கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் உதவக்கூடியது சட்டமன்ற நிதிப் பணியகம். எந்தக் கட்சியையும் சாராத இந்த அலுவலகம் ஒவ்வொரு முன்மொழிவின் செலவையும் விளைவையும் கணக்கிட்டுக் குறிப்புகள் வெளியிடுகிறது. இரு கட்சியினரும் அதன் எண்களையே மேற்கோள் காட்டுவர். மடலில் ஒரு தொகை வந்து அதனுடன் பணியகக் குறிப்பின் இணைப்பும் தரப்பட்டிருந்தால் அது கவனமாக எழுதப்பட்ட மடல் என்று கொள்ளலாம்.

உள்ளூர் வாய்ப்புகள் பகுதி

பெரும்பாலோர் மடலைத் திறப்பது இப்பகுதிக்காகத்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. அரசியல் பேசாத செய்திகள் இவை.

அடிக்கடி வருவது உரிமை கோரப்படாத சொத்து பற்றிய அறிவிப்பு. மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றப்படாத காசோலை, இறந்தவரின் காப்பீட்டுத் தொகை போன்றவை சில ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்தால் வங்கியோ நிறுவனமோ அவற்றை மாநில வருவாய்த் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவர் தம் பெயரைத் துறையின் இணையதளத்தில் தேடிக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம். இதற்கெனக் கட்டணம் கேட்டு வரும் அழைப்புகளை நம்ப வேண்டியதில்லை.

மாணவர்களுக்கான அறிவிப்புகளில் செனட் ஸ்காலர் திட்டம் குறிப்பிடத்தக்கது. 16 முதல் 18 வயது வரையான உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு வாரம் மேடிசனில் தங்கிச் செனட்டின் வேலையை நேரில் பார்த்துப் பழகுகின்றனர். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணமும் மீன்பிடி உரிமமும் தேவையில்லை என்ற செய்தி மே மாத மடல்களில் தவறாமல் வரும். ஏரிகள் நிறைந்த மாநிலத்தில் இதற்கு இருக்கும் வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர் நூலகத்திலோ ஊராட்சிக் கூடத்திலோ மக்களைச் சந்திக்கும் நேரங்கள், வாக்குச்சாவடிப் பணியாளர் தேவை, சிறுதொழில் உதவிகள், தடுப்பூசி முகாம்கள் ஆகியவையும் இடம்பெறும்.

மாநிலத்துக்கே உரிய ஒன்று நீலப் புத்தகம். சட்டமன்றம், நீதிமன்றங்கள், துறைகள், மாநிலப் புள்ளிவிவரங்கள் அனைத்தையும் தொகுத்து ஈராண்டுக்கு ஒரு முறை வெளிவரும் தடித்த நூல் இது. 1901-இல் தொடங்கப்பட்ட சட்டமன்ற ஆய்வுதவிப் பணியகம் இதனைத் தயாரிக்கிறது. குடிமக்கள் தம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தைக் கேட்டு ஒரு படியை இலவசமாகப் பெறலாம். புதிய பதிப்பு வந்ததும் மடலில் அறிவிப்பு வரும்.

குளிர்கால வெப்ப உதவி இப்பகுதியில் வரும் செய்திகளில் உயிருடன் தொடர்புடையது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மின், எரிவாயுக் கட்டணத்தில் உதவும் திட்டத்துக்கான விண்ணப்பம் அக்டோபரில் தொடங்குகிறது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, கட்டணம் பாக்கி இருந்தாலும் வீட்டைச் சூடாக வைக்கத் தேவையான இணைப்பை நிறுவனங்கள் துண்டிக்கக் கூடாது. ஏப்ரல் 15 கழிந்ததும் துண்டிப்பு தொடங்கலாம். குளிர்காலம் முழுவதும் பாக்கி வைத்த குடும்பம் அதற்கு முன்பே நிறுவனத்துடன் பேசித் தவணை முறைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தடை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். தடை முடியும் நாள் தெரிவதில்லை.

ஐம்பது படி விதி

மடல் தகவலுக்கா, வாக்குக்கா என்ற கேள்விக்கு விஸ்கொன்சின் சட்டம் எண்ணையும் நாளையும் வைத்துப் பதில் சொல்கிறது. பதவியில் இருக்கும் ஒருவர் தேர்தலில் வேட்பாளர் ஆகும்போது, வேட்புமனுவுக்கான கையொப்பங்களைத் திரட்டத் தொடங்கும் முதல் நாளிலிருந்து தேர்தல் முடியும் வரை, ஏறத்தாழ ஒரே மாதிரியான 50 அல்லது அதற்கு மேற்பட்ட படிகளைப் பொதுப்பணத்தில் தயாரித்து விநியோகிக்கக் கூடாது. இது ஐம்பது படி விதி எனப்படுகிறது. நவம்பர் தேர்தலுக்கு அந்த முதல் நாள் ஏப்ரல் 15.

விதிவிலக்குகள் உண்டு. குடிமகன் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதலாம். சிறப்புக் கூட்டத் தொடர் அழைக்கப்பட்டால் அதைப் பற்றி மட்டும் 500 படிகள் வரை அனுப்பலாம். பேரவை உறுப்பினர்கள் அனைவரும் ஈராண்டுக்கு ஒரு முறை தேர்தலைச் சந்திப்பதால் மீண்டும் நிற்கும் எவருக்கும் இரட்டைப்படை ஆண்டுதோறும் இவ்விதி பொருந்தும். செனட்டர்களின் பதவிக் காலம் நான்கு ஆண்டுகள். பாதிப் பேர்தான் ஒரு தேர்தலில் நிற்கின்றனர். அந்த ஆண்டில் எந்தப் பதவிக்கும் போட்டியிடாத செனட்டரை விதி கட்டுப்படுத்தாது.

தேர்தல் ஆண்டில் அவைக் கூட்டங்கள் வழக்கமாக மார்ச் மாதத்தோடு முடிவடைகின்றன. எனவே தொடரின் நிறைவு மடல்கள் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் குவிகின்றன. அந்த மடல்களில் சாதனைப் பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. விதி நாளைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஏப்ரல் 14 அன்று சென்ற மடலின் தொனி பிரசாரம் போல இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

இங்கே ஒரு தற்செயல் பொருத்தம் உள்ளது. மடல் அனுப்பும் உரிமை சுருங்கும் நாளும் வெப்ப இணைப்புத் துண்டிப்புத் தடை முடியும் நாளும் ஒன்றே. தேர்தல் ஆண்டில் தடை முடிவதைப் பற்றி ஏப்ரல் கடைசியில் நினைவூட்டலாம் என்று இருக்கும் அலுவலகத்துக்கு வாய்ப்பு கைநழுவிவிடும். மார்ச் மடலிலேயே சாதனைப் பட்டியலுக்குக் கீழே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்குகிறவர்களும் உண்டு, ஒதுக்காதவர்களும் உண்டு.

அரசுப் பணத்தையும் தேர்தல் வேலையையும் பிரிக்கும் கோடு விஸ்கொன்சினில் வெறும் ஏட்டளவில் இருக்கவில்லை. இரு அவைகளிலும் இரு கட்சிகளுக்கும் அரசுச் சம்பளத்தில் இயங்கிய கட்சிக் குழு அலுவலகங்கள் பிரசார வேலையில் ஈடுபட்டதை 2001-இல் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. அந்த அலுவலகங்கள் கலைக்கப்பட்டன. 2002-இல் இரு கட்சிகளையும் சேர்ந்த சட்டமன்றத் தலைவர்கள் மீது குற்றவியல் வழக்குகள் தொடரப்பட்டன.

பிற மாநிலங்கள்

கலிபோர்னியா இன்னும் கடுமையானது. 1988-இல் வாக்காளர்கள் நேரடியாக நிறைவேற்றிய 73-ஆம் முன்மொழிவு, பொதுச் செலவில் 200-க்கு மேற்பட்ட ஒரே மாதிரியான செய்திமடல்களை அனுப்புவதைத் தேர்தல் காலம் என்றில்லாமல் எப்போதும் தடை செய்தது. தடை கையில் தொடக்கூடிய பொருளுக்கே உரியது. எனவே மின்னஞ்சல் மடல் அதற்குள் வராது. அங்கு ஒரு செனட்டருக்குச் சுமார் பத்து இலட்சம் மக்கள். மறுகோடியில் நியூ ஹாம்ப்சயர் உள்ளது. அதன் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 3,400 மக்கள். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். அங்கே மடலின் வேலையை மளிகைக் கடை வாசல் பேச்சே பெருமளவு செய்துவிடுகிறது.

எல்லைகள் மாறியபோது

விஸ்கொன்சினின் தொகுதி எல்லைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என மாநில உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் புதிய எல்லைகள் சட்டமாயின. பல தெருக்கள் வேறு தொகுதிக்கு மாறின. ஆனால் பழைய உறுப்பினரே 2025 ஜனவரி வரை அத்தெருவின் பிரதிநிதி. அதாவது வாக்குக் கேட்டு வந்தவர் ஒருவர், குறை சொல்லக் கடிதம் எழுத வேண்டியவர் வேறொருவர். மின்னஞ்சல் பட்டியல்கள் எல்லை மாறியதும் தாமாக மாறுவதில்லை. ஒருவருக்கு வரும் மடல் அவருடைய இப்போதைய உறுப்பினரிடமிருந்துதான் வருகிறதா என்பதைச் சட்டமன்ற இணையதளத்தில் முகவரியை இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பத்திரிகைகளின் இடம்

மடலை முன்பு உள்ளூர்ப் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் படிக்க முடிந்தது. 2005-க்குப் பின் அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பத்திரிகைகள் நின்றுவிட்டன. மாநிலச் சட்டமன்றங்களில் முழுநேரமாகப் பணிபுரியும் செய்தியாளர்கள் 2014-இல் 904 பேர் இருந்ததாகவும் 2022-இல் 850 பேராகக் குறைந்ததாகவும் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. ஐம்பது மாநிலங்களுக்கும் சேர்த்து இவ்வளவே. வாரப் பத்திரிகை நின்றுபோன ஊரில் தன் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை அந்த உறுப்பினரே எழுதித்தான் மக்கள் அறிகின்றனர்.

மடலால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. குழு விசாரணைக்குப் பொதுவாக 24 மணி நேர முன்னறிவிப்பே போதும். வாரத்துக்கு ஒரு முறை வரும் மடலில் விசாரணை பற்றிய செய்தி வரும்போது விசாரணை முடிந்திருக்கலாம். சட்டமன்றம் நடத்தும் தானியங்கி அறிவிப்புச் சேவையில் குழுவின் பெயரையோ முன்வரைவின் எண்ணையோ பதிந்து வைத்தால் அறிவிப்பு வெளியானதும் மின்னஞ்சல் வரும். விசாரணைக்கு வரும் எவரும் பேசலாம். பேச விருப்பமில்லாதவர் வாசலில் உள்ள சீட்டை நிரப்பி ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று குறித்துக் கொடுத்தால் அதுவும் குழுவின் பதிவில் ஏறும்.